போனில் திறக்குது, கம்பியூட்டரில் திறக்குதில்லை

நிலாவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா ஒருவர், சீசன் தொடங்கிய மே மாதத்தில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வெளிநாட்டு ஆக்கள் எல்லாம் எங்கட வெப்சைட்டைப் பார்த்துத்தான் அறை கேக்கினம். எனக்கு மட்டும் அது திறக்குதில்லை. ஆரும் செய்வினை செய்து போட்டினமோ தெரியாது" என்றார், பாதி சிரிப்பும் பாதி எரிச்சலுமாக. வரவேற்பு மேசையில் இருந்த கம்பியூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கிடந்த அவருடைய போனில் அதே தளம் படங்களோடு வடிவாகத் திறந்தது. ரவுட்டரை மூன்று தரம் நிறுத்திப் போட்டுப் பார்த்துவிட்டார். இணைய நிறுவனத்துக்கும் போன் எடுத்து, "லைனில் பிழை இல்லை" என்ற பதிலையும் வாங்கி வைத்திருந்தார். பத்து நிமிசம் காத்திருந்து கேட்ட பதில் அது.

அவர்கள் சொன்னது சரி. ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் ஒரு கருவியில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால், திறக்காத கருவிக்குள்ளேதான் தேட வேண்டும். அந்த அக்காவின் கம்பியூட்டரில் என்ன இருந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்குரிய பகுதிக்கு நீங்கள் நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

போன் உண்மையில் வைஃபையில்தான் இருக்கிறதா?

"போனில் திறக்குது" என்பவர்கள் பலர் மொபைல் டேட்டாவை நிறுத்தாமலேயே சொல்கிறார்கள். வைஃபையில் இணையம் வரவில்லை என்று கண்டால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆகவே டேட்டாவை நிறுத்தி, வைஃபையை மட்டும் வைத்து, அதே முகவரியை மறுபடி திறந்து பாருங்கள்.

இப்போதும் திறந்தால், கம்பியூட்டரில்தான் பிழை. கீழே தொடருங்கள்.

வைஃபையில் திறக்காமல் டேட்டாவில் மட்டும் திறந்தால் கதை வேறு. உங்கள் வீட்டில் பத்துக் கருவி இருந்தாலும் வெளியே அவை எல்லாம் ரவுட்டரின் ஒரே முகவரியோடுதான் தெரியும். அந்த முகவரியை எதிர்ப்பக்கத்துச் சேவையகம், அதாவது தளம் குடியிருக்கும் கம்பியூட்டர், தடுத்து வைத்திருக்கலாம். சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: கடவுச்சொல்லை நாலைந்து தரம் பிழையாக அடித்திருப்பார்கள், சேவையகத்தைக் காவல் காக்கும் தீச்சுவர் இவர்களைத் திருடன் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கும். சில மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம், அல்லது தளத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லித் தடையை எடுக்கலாம். கம்பியூட்டரில் செய்ய எதுவும் இல்லை.

இரண்டிலும் திறக்காவிட்டால் தளமே படுத்துவிட்டது. பரீட்சை முடிவு வரும் இரவில் தளம் திறக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தேத்தண்ணி குடித்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

இன்னொன்று. ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதைக் குத்தாதீர்கள். நிறுத்திப் போடுவது வேறு, அந்தத் துளையைக் குத்துவது வேறு. குத்தினால் லைனின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உட்பட எல்லாம் அழிந்து, அது தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடும். ஒரு கம்பியூட்டரில் ஒரு தளம் திறக்காத வீடு, சனிக்கிழமைப் பின்னேரம் இணையமே இல்லாத வீடாக மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

மறைநிலைச் சாளரத்தில் திறக்கிறது, சாதாரணமாகத் திறக்கவில்லை

குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைநிலைச் சாளரம் வரும். ஃபயர்பொக்ஸில் கடைசி எழுத்து பி. அதில் பழைய குக்கிகள் (தளங்கள் உங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சின்னக் குறிப்புகள்) இருக்காது, நீட்சிகளும் (உலாவியோடு ஒட்டி வைக்கும் சின்ன மென்பொருள்கள்) பொதுவாக வேலை செய்யாது. அங்கே தளம் திறந்தால் நல்ல செய்தி, அநேகமாக இரண்டு காரணத்தில் ஒன்றுதான்.

ஒன்று, அந்தத் தளம் முன்பு விட்டுச்சென்ற குக்கி பழுதாகியிருக்கும். "பலமுறை திசைதிருப்பப்பட்டது" என்றோ, 400 என்ற எண்ணோடு குக்கி பெரிதாகிவிட்டது என்றோ வந்தால் அநேகமாக இதுதான். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னக் குறியை அழுத்தி, அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் அழியுங்கள். "ஹிஸ்டரி முழுதையும் துடை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்லாத் தளத்திலும் இருந்து வெளியே தள்ளப்படுவீர்கள், அப்புறம் மறந்துபோன கடவுச்சொற்களைத் தேடுவதே அன்றைய வேலையாகிவிடும்.

மற்றது நீட்சி. விளம்பரத் தடுப்பான், பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி என்று ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் தளம் மறைகிறதோ அதுதான் ஆள்.

"உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று சிவப்பு முக்கோணம்

உடனே திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். திகதி சரியா?

திருக்கோணமலை டைக் வீதிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் நடந்தது. "தம்பி, வங்கிக் கணக்கு திறக்குதில்லை, மெயிலும் திறக்குதில்லை. வைரஸ் போல" என்றார். அவர் சொன்ன வைரஸைத் தேடி மூன்று நாளாக ஒரு பையன் வந்துபோயிருந்தான். கம்பியூட்டரின் மூலையில் திகதி 2009 ஜனவரி 1 என்று நின்றது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதில் எந்த நாளில் இருந்து எந்த நாள்வரை செல்லும் என்று எழுதியிருக்கும். சில மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழ்களே இப்போது அதிகம். 2009இல் நிற்கும் கம்பியூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளையின் அடையாள அட்டை மாதிரி. நம்ப மாட்டாது.

திகதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. ஆனால் அதோடு விட்டுவிட்டு வந்தால் அடுத்த மின்வெட்டோடு மறுபடி 2009தான். பெட்டியைத் திறந்தேன். தாய்ப்பலகையில் ஐந்து ரூபா நாணயம் போல வட்டமாக, சிஆர் 2032 என்று எழுதிய மின்கலம் ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். புதிதில் 3 வோல்ட் காட்டும், இவருடையது 2 வோல்ட்டுக்கும் கீழே. அதைப் பிடித்திருக்கும் தகட்டில் உப்புக்காற்றுக்குப் பச்சை பூத்திருந்தது. பழைய பல்துலக்கியால் துடைத்து, புதியதைப் போட்டேன். கம்பியூட்டர் செருகியிருக்கும்வரை சுவர் மின்சாரத்தால் இந்த மின்கலத்துக்குச் சுமை இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் போன காலத்தில்தான் இப்படிப் பல மின்கலங்கள் செத்தன என்பது என் ஊகம். அப்போது முற்றத்தில் மான் ஒன்று வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருக்கோணமலைக்கு வெளியே இதைச் சொன்னால் நம்புவதில்லை.

மணிக்கூடு பல வருடம் பிந்தியிருந்தால் விண்டோஸ் தானாக ஒத்துப்போக மறுக்கும். முதலில் கையால் திகதியைப் போட்டு, பிறகு "இப்போது ஒத்திசை" என்பதை அழுத்துங்கள். நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று, 5.30 கூட்டலாக இருக்க வேண்டும். 2006 ஏப்ரல்வரை நாட்டின் நேரமே அரை மணி முந்தியிருந்தது. அந்தக் காலத்துப் பழைய விண்டோஸை இற்றைப்படுத்தாமல் ஓடவைப்பவர்களிடம் அந்த அரை மணி இன்னும் ஒட்டியிருக்கும். ஆனால் அரை மணியால் தளம் திறக்காமல் போகாது.

திகதி சரியாக இருந்தும் முக்கோணம் வந்தால், விண்டோஸின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதில் ஓடும் கடைசிக் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. உலாவிகள் 2020இல் டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய பூட்டுகளைக் கைவிட்டன, தளங்களும் அவற்றை மூடிக்கொண்டு வருகின்றன. 2021 செப்டெம்பர் 30இல் உலகெங்கும் பாவித்த ஒரு மூலச்சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடித்தளமானது) காலாவதியானபோது, இற்றைப்படுத்தாத கம்பியூட்டர்களில் பல தளங்கள் ஒரே இரவில் மூடிக்கொண்டன. இப்படியான கம்பியூட்டருக்கு ஃபயர்பொக்ஸ் 115இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்பைப் போடுங்கள். அது விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலை நம்பாமல் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. இது தற்காலிக வழிதான். அந்தக் கம்பியூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் சொல்ல மாட்டேன்.

"இந்தத் தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை"

கீழே டிஎன்எஸ் என்று தொடங்கும் நீளமான ஒரு சொல் இருக்கும். பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் தடங்கல் என்பதே அதன் பொருள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், நானே பார்ப்பேன்.

எழுத்து சரி என்றால், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடியுங்கள். வரும் கறுப்புச் சாளரத்தில் ஐபிகொன்ஃபிக் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு முன்சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல் ஃபிளஷ்டிஎன்எஸ் என்று அடித்து என்டரை அழுத்துங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில். கம்பியூட்டர் ஞாபகத்தில் வைத்திருந்த பழைய எண்கள் அழியும். தளம் அண்மையில் சேவையகம் மாறியிருந்தால் இதோடு சரியாகும்.

ஆகாவிட்டால், நெட்வேர்க் செட்டிங்கில் ஐபிவி4இன் பண்புகளுக்குள் போய் டிஎன்எஸ் இடத்தில் யாராவது எண் எழுதி வைத்திருக்கிறார்களா பாருங்கள். அலுவலகத்தில் இருந்தோ பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்தோ வீட்டுக்கு வந்த மடிக்கணினிகளில் 10 அல்லது 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று அப்படியே இருக்கும். அந்தச் சேவையகம் அந்தக் கட்டடத்துக்குள்தான் பேசும். "தானாகப் பெறு" என்று மாற்றிவிடுங்கள். சோதிப்பதற்காக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டும் பார்க்கலாம். இரண்டும் பொதுச் சேவைகள், முன்னது கூகுளுடையது, பின்னது கிளவுட்ஃபிளேருடையது. அப்போது திறந்தால் பெயர் மாற்றும் இடத்தில்தான் பிழை என்பது உறுதி.

ஒரே ஒரு தளம் மட்டும், சுற்றிச் சுற்றி, "நேரம் கடந்துவிட்டது"

மற்ற எல்லாத் தளமும் பறக்கிறது. இது மட்டும் அரை நிமிசம் சுற்றிவிட்டுக் கையை விரிக்கிறது. மறைநிலையிலும் அதே, வேறு உலாவியிலும் அதே. நிலாவெளி அக்காவின் கம்பியூட்டர் இப்படித்தான் இருந்தது.

முந்தின பகுதியில் சொன்ன கறுப்புச் சாளரத்தைத் திறந்து பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, தளத்தின் பெயரை அடித்தேன். பதில் வரவில்லை. பதில் வராததைப் பெரிதாக எடுக்கக் கூடாது. நன்றாக ஓடும் எத்தனையோ சேவையகங்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது முதல் வரி. 32 பைட் அனுப்புகிறேன் என்று சொல்லும் அந்த வரியில், தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்.

அடுத்து என்எஸ்லுக்அப் என்று அடித்து அதே பெயரைக் கொடுத்தேன். "நொன்-ஓதோரிட்டேட்டிவ்" என்று ஒரு வரி வரும். அது பிழைச்செய்தி அல்ல, பயப்பட வேண்டாம். அதன் கீழே ஒரு எண் வந்தது. தாளில் இருந்த எண் வேறு, இந்த எண் வேறு.

அந்த இடத்திலேயே எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. என்எஸ்லுக்அப் நேரே வெளியே உள்ள டிஎன்எஸ் சேவையகத்தைக் கேட்கும். பிங்கும் உலாவியும் முதலில் கம்பியூட்டருக்கு உள்ளே இருக்கும் ஹோஸ்ட்ஸ் என்ற சின்ன ஃபைலைப் பார்க்கும். அதில் ஒரு பெயருக்கு எண் எழுதியிருந்தால் வெளியே கேட்கவே மாட்டாது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், முந்தின பகுதியில் சொன்ன ஃபிளஷ்டிஎன்எஸ்ஸால் ஞாபகத்தைத் துடைத்த பிறகும் அப்படியே இருந்தால், உள்ளே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

நொட்பேடை வலது சொடுக்கில் நிர்வாகியாகத் திறக்க வேண்டும், சும்மா திறந்தால் சேமிக்க விடாது. பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி. அங்கே "எல்லா ஃபைலும்" என்று தெரிவுசெய்தால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பின்னொட்டு இல்லை. யாரும் கைவைக்காத கம்பியூட்டரில் அதன் வரிகள் எல்லாம் # குறியோடு தொடங்கும். அப்படித் தொடங்குபவை வெறும் குறிப்புகள். அக்காவின் ஃபைலில் கடைசியில் குறி இல்லாமல் ஒரு வரி நின்றது: ஒரு எண், இடைவெளி, அவருடைய விடுதியின் தளப் பெயர்.

"அக்கா, இந்த வெப்சைட்டை ஆர் செய்தது?"

"எங்கட சின்னம்மாட மகன். இப்ப அவன் கனடாவில."

தளத்தைச் செய்யும்போது, பெயரை உலகத்துக்குத் திருப்பிவிடும் முன் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இப்படி ஒரு வரியை எழுதிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழமை. வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். தம்பி மறந்துவிட்டார். இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த எண் சரியான எண்ணாகவே இருந்தது. அந்த ஏப்ரலில் தளம் வேறு சேவையகத்துக்குப் போனது. உலகம் புது விலாசத்துக்குப் போனது. இந்த ஒரு கம்பியூட்டர் மட்டும், உவர்மலையை விட்டுப் பாலையூற்றுக்கு வீடு மாறிப்போனவரின் பழைய படலையைத் தட்டிக்கொண்டே நின்றது.

வரியின் தொடக்கத்தில் # போட்டுச் சேமித்து, உலாவியை மூடித் திறந்தேன். தளம் வந்தது. அழிக்காமல் குறி போடுவது என் பழக்கம், பிழையான வரியில் கைவைத்துவிட்டால் திருப்பி எடுக்கலாம். சேமிக்கும்போது நொட்பேட் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிவிடாமல் பாருங்கள். ஒட்டினால் புதிய ஃபைல் ஒன்று உருவாகும், பழைய வரி அப்படியே வேலை செய்யும்.

ஹோஸ்ட்ஸில் வரி எழுதுவது தளம் செய்பவர்கள் மட்டுமல்ல. களவாகப் போட்ட மென்பொருளோடு வரும் "கிராக்" அதன் தயாரிப்பாளரின் தளங்களை இங்கேதான் அடைக்கும். நச்சு நிரல்களும் நோய் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களை இங்கே அடைப்பதுண்டு. நீங்கள் எழுதாத வங்கிப் பெயர் ஏதாவது அங்கே கண்டால், குறி போட்டதோடு நிற்காமல் கம்பியூட்டரை முழுதாகச் சோதியுங்கள். அதுவரை வங்கிக் கடவுச்சொல்லை அதில் அடிக்காதீர்கள்.

புரொக்ஸி என்று ஏதோ சொல்கிறது, அல்லது 403 வருகிறது

இதில் பெரும்பாலும் விபிஎன்தான் குற்றவாளி, உங்கள் போக்குவரத்தை வேறு நாட்டு வழியாகச் சுற்றி அனுப்பும் மென்பொருள் அது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் நாட்டில் சமூக ஊடகங்களை அடைத்தபோது, கையில் கிடைத்த இலவச விபிஎன்னை எல்லாம் ஆக்கள் போட்டார்கள். தடை போனது, விபிஎன் போகவில்லை. உலாவியில் ஒரு நீட்சியாக இன்னும் குந்தியிருக்கும். அது ஓடும்போது நீங்கள் சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருப்பதாகத்தான் எதிர்ப்பக்கம் நினைக்கும். உள்நாட்டு ஆக்களுக்கென்று இருக்கும் சில தளங்கள் வெளிநாட்டு முகவரியைக் கண்டால் 403 காட்டி அனுமதி மறுத்துவிடும்.

நீட்சியை நீக்குங்கள். பிறகு செட்டிங்கில் நெட்வேர்க் பகுதியில் புரொக்ஸியை (இடையில் நின்று போக்குவரத்தைக் கைமாற்றிவிடுவது) திறந்து, கையால் போட்ட புரொக்ஸி ஓஃபில் இருக்கிறதா பாருங்கள். அங்கே 127.0.0.1 என்று, அதாவது இதே கம்பியூட்டரையே குறிக்கும் எண் இருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் உங்கள் போக்குவரத்தைத் தன் வழியாக ஓட வைத்திருந்தது. அந்த மென்பொருள் போன பிறகும் எண் மட்டும் நின்று வழியை மறிக்கிறது.

தலைப்பு மட்டும் வருகிறது, பக்கம் வெள்ளையாக நிற்கிறது

இது அரிது. இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். விபிஎன்னோ வேறு ஏதோவோ அந்தப் பொட்டலத்தின் அளவை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். வீட்டு லைன்கள் பலவற்றில் ஒரு பொட்டலம் 1492 பைட்டுக்கு மேல் போகாது, கம்பியூட்டரின் வழமையான அளவு 1500. இடையில் உள்ள 8 பைட்டைச் சாதாரணமாக ரவுட்டர் சமாளித்துக்கொள்ளும். வலைப்பின்னல் அட்டையின் மேம்பட்ட பண்புகளில் ஜம்போ (வழமையைவிடப் பெரிய பொட்டலம்) என்று ஏதாவது போட்டிருந்தால் நிறுத்துங்கள்.

நோய் எதிர்ப்பு மென்பொருளின் வலைக் காவலையும் பத்து நிமிசம் நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு நோய் எதிர்ப்பு ஒன்றாக ஓடினால் ஒன்றை இப்போதே நீக்குங்கள். சோதித்து முடிந்ததும் மற்றதை மறக்காமல் திருப்பிப் போடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் திறக்கவில்லை

விண்டோஸில் "நெட்வேர்க் ரீசெட்" என்று ஒன்று இருக்கிறது, நெட்வேர்க் பகுதியின் அடியில். அது அட்டைகளை எல்லாம் கழற்றித் திருப்பிப் போடும், விபிஎன் மிச்சங்களும் கையால் போட்ட எண்களும் போகும். ஹோஸ்ட்ஸைத் தொடாது, அதனால்தான் ஹோஸ்ட்ஸை இதற்கு முன்பே பார்க்கச் சொன்னேன். சேமித்த வைஃபை கடவுச்சொல்லும் இதோடு போய்விடும். அழுத்தும் முன் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிறதுதானே என்று இருக்க வேண்டாம். நிலாவெளியில் நான் திருப்பிப் பார்த்தபோது அந்த ஒட்டுத்தாளில் கடைசி மூன்று எழுத்தையும் ஈரம் தின்றிருந்தது.